மைலோ டின்னும் உள்ளே கிடக்கும் சீட்டும்: கணினிப் பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்த ஓர் அறிமுகம்

நம் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகள் பலவற்றில், தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய குறுந்தட்டுகளிலிருந்து கணினிக்கு ஏற்றியவை, ஒலி 96.8 வானொலியிலிருந்து அம்மா கேசட்டில் பிடித்துவைத்தவை, சக ஊழியர் தம்ப் டிரைவில் கொடுத்தவை, பழைய கைத்தொலைபேசியிலிருந்து நகலெடுத்தவை என இருபது ஆண்டுப் பாடல்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். ஒருநாள் உட்கார்ந்து இதை அடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். அடுக்குவது என்றால் என்ன என்பதில்தான் குழப்பம். கோப்புறைகள் போட்டுப் பிரிப்பதும் கோப்புகளின் பெயரை மாற்றுவதும்தான் ஒழுங்குபடுத்துவது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அதற்காகப் பல வார இறுதிகளைச் செலவிடுகிறார்கள். அதன் பிறகும் வேண்டிய பாடல் கைக்கு வருவதில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் ஈசூனில் சித்தப்பா வீட்டில் கூடியிருந்தோம். சித்தப்பா தம்மிடமிருந்த நாலாயிரம் பாடல்களையும் இசையமைப்பாளருக்கு ஒரு கோப்புறை, அதற்குள் படத்துக்கு ஒரு கோப்புறை என்று மிகுந்த பொறுமையுடன் பிரித்து வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க்கைத் தொலைக்காட்சியில் செருகிப் பாடல் பட்டியலைத் திறந்ததும் திரை முழுவதும் வந்தவை "டிராக் 01", "டிராக் 02", "அறியப்படாத கலைஞர்" என்ற சொற்களே. "ஏம்பா, எல்லாத்தையும் அடுக்கித்தானே வச்சேன், பேரெல்லாம் எங்கே போச்சு?" என்று அவர் கேட்டார். அவருக்கு அன்று சமையலறையில் நின்று சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டின்னின் வெளிப்புறமும் உள்ளே இருக்கும் சீட்டும்

சித்தி வீட்டு அலமாரியில் மைலோ பானத்தூள் வந்த பச்சை நிற டின்கள் நான்கு வரிசையாக நிற்கும். ஒன்றில் உளுந்து, ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் வறுத்த ரவை, ஒன்றில் கடுகு. நான்கின் வெளிப்புறத்திலும் மைலோ என்றே அச்சிட்டிருக்கிறது. சித்திக்கு எது எங்கே என்று தெரியும். புதிதாக வந்த மருமகளுக்குத் தெரியாது. ஆகவே சித்தி ஒவ்வொரு டின்னுக்குள்ளும் பொருளின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதிய சீட்டு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். டின்னின் மேல் யார் எதை ஒட்டினாலும், அலமாரியின் எந்தத் தட்டுக்கு மாற்றி வைத்தாலும், மூடியைத் திறந்தால் சீட்டு உண்மையைச் சொல்லிவிடும்.

கணினியில் ஒரு பாடல் ஒரு கோப்பாக இருக்கிறது. கோப்பின் பெயர் டின்னின் வெளிப்புறத்தைப் போன்றது. கோப்புறை அந்த டின் நிற்கும் அலமாரித் தட்டு. இவை இரண்டும் நம் கண்ணுக்குத் தெரிவதால் இவைதாம் பாடலின் அடையாளம் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கோப்பின் உள்ளேயே பாடலின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், ஆண்டு முதலிய விவரங்களை எழுதிவைக்க ஓர் இடம் இருக்கிறது. அதற்கு டேக் என்று பெயர். டேக்கில் ஒவ்வொரு விவரத்துக்கும் உரிய கட்டத்தைப் புலம் என்பார்கள்: தலைப்புப் புலம், கலைஞர் புலம், ஆண்டுப் புலம் என்று. பாடல் இயக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் மூடியைத் திறந்து இந்தச் சீட்டைத்தான் படிக்கின்றன. சித்தப்பா வெளிப்புறத்தில் அழகாக எழுதினார். தொலைக்காட்சி உள்ளே இருந்த வெற்றுச் சீட்டைப் படித்தது.

ஒரு கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது

எம்பி3 என்பது ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை. அதன் தரநிலை 1993-இல் வெளியானது. எம்பி3 கோப்பில் ஒலி ஒரே நீளமான துண்டாக இருப்பதில்லை. சட்டகம் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குறுந்தட்டின் தரத்தில் எடுத்த பாடலில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 26 மில்லி விநாடி ஒலியைத் தாங்கும், அதாவது ஒரு விநாடியின் நாற்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஐந்து நிமிடப் பாடல் ஒன்று சுமார் 11,500 சட்டகங்களின் வரிசை.

இந்தத் தரநிலையை வகுத்தவர்கள் ஒலியைப் பற்றி மட்டுமே சிந்தித்தார்கள். பாடலின் பெயரை எழுத இடம் வைக்கவில்லை. 1996-இல்தான் ஐடி3 என்ற டேக் முறை தோன்றியது. அது கோப்பின் கடைசியில் 128 பைட் இடத்தை ஒட்டவைத்தது. பைட் என்பது கணினிச் சேமிப்பின் ஒரு சிறிய அளவை. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். அந்த 128-இல் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1 என்று பங்கிட்டார்கள்; மீதி மூன்றும் இது டேக் என்று அறிவிக்கும் அடையாளம். அந்தக் காலத்து நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு அது. நீளமான தலைப்புகள் பாதியில் அறுந்துபோயின. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு டேக்கைக் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது. நீளக் கட்டுப்பாட்டையும் நடைமுறையில் நீக்கியது. ஆல்பத்தின் அட்டைப்படத்தையும் அதற்குள்ளேயே வைக்க முடிந்தது.

இந்த வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்றால், பழைய கோப்புகள் பலவற்றில் இரண்டு சீட்டுகளும் இருக்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு மென்பொருள் முன்சீட்டைத் திருத்திவிட்டுப் பின்சீட்டை அப்படியே விட்டுவிடலாம். கணினியில் சரியாகத் தெரியும் பெயர் காரின் ஒலிக்கருவியில் பழையபடி தவறாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். டேக் திருத்தும் நல்ல மென்பொருள் எதிலும் பழைய முதற்பதிப்புச் சீட்டை அழித்துவிடும் வசதி இருக்கும். தயங்காமல் அதைப் பயன்படுத்தலாம்.

டேக்கைத் திருத்தினால் பாட்டின் தரம் கெடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். கெடாது. டேக் வேறு, சட்டகங்கள் வேறு. சீட்டை மாற்றி எழுதுவதால் டின்னில் இருக்கும் உளுந்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

அப்படியானால் "டிராக் 01" எங்கிருந்து வந்தது? 1982-இல் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தட்டின் அடிப்படை அமைப்பில் பாடலின் பெயர் என்று எதுவும் இல்லை. எத்தனை பாடல்கள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். தட்டைக் கணினியில் போட்டவுடன் பெயர்கள் தோன்றுவது, கணினி அந்தப் பாடல்களின் எண்ணிக்கையையும் நீளங்களையும் இணையத் தரவுத்தளம் ஒன்றுக்கு அனுப்பி, அதே நீளங்கள் உள்ள தட்டு எது என்று கேட்டுப் பெறுவதால்தான். அந்தத் தரவுத்தளங்களில் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயனாளர்கள். அங்கே இல்லாத தட்டுக்கு "டிராக் 01" என்ற பெயரே மிஞ்சும். சித்தப்பா தேக்காவில் வாங்கிய பல தட்டுகளுக்கு நேர்ந்தது இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கோப்பின் பெயரும் கோப்புறையும் வெளிப்புறம், டேக் உள்ளிருக்கும் சீட்டு, பாடல் மென்பொருள் படிப்பது சீட்டை, சீட்டைத் திருத்துவது ஒலியைத் தொடாது.

ஒரு புத்தகம் ஓர் அலமாரியில்தான் நிற்க முடியும்

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போனால் ஒரு நாவல் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். ஆனால் நூலகக் கணினியில் எழுத்தாளர் பெயரால் தேடலாம், தலைப்பால் தேடலாம், பொருளால் தேடலாம். மூன்று வழியிலும் அதே புத்தகத்துக்குப் போய்ச் சேரலாம். புத்தகத்தை மூன்று படி வாங்கி மூன்று அலமாரிகளில் வைத்ததால் இது நடக்கவில்லை. புத்தகத்தைப் பற்றிய விவரங்களை ஓர் அட்டவணையில் எழுதி வைத்ததால் நடக்கிறது.

திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இசை இளையராஜா, பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும், எழுதியவர் ஒருவர், படம் ஒன்று, ஆண்டு ஒன்று. இதை எந்தக் கோப்புறையில் வைப்பது? இளையராஜா கோப்புறையில் வைத்தால் ஜானகி கோப்புறையில் தேடுபவருக்குக் கிடைக்காது. இரண்டிலும் நகல் வைத்தால் தொகுப்பு வீங்கும். ஒரு நகலைத் திருத்தினால் இன்னொன்று திருந்தாது. கோப்புறையால் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே முடியாது, ஏனென்றால் அலமாரித் தட்டின் இயல்பே அதுதான்.

பாடல் மென்பொருள் செய்வது நூலகத்தின் வேலை. தொகுப்பில் உள்ள எல்லாக் கோப்புகளின் டேக்குகளையும் ஒருமுறை படித்து ஓர் அட்டவணையை அது உருவாக்கிக்கொள்கிறது. பிறகு நாம் பாடகரைத் தட்டினால் பாடகர்வாரியாகவும், ஆண்டைத் தட்டினால் ஆண்டுவாரியாகவும் அதே பாடல்களை மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டுகிறது. கோப்பு இருந்த இடத்தைவிட்டு அசைவதே இல்லை. ஆகவே கோப்புறைகளை எளிமையாக வைத்துக்கொண்டு, அந்த நேரத்தை டேக்குகளுக்குச் செலவிடுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. இசையமைப்பாளர், அதற்குள் படம், அத்துடன் நிறுத்திவிடலாம்.

இங்கே இன்னொரு சொல்லையும் விளக்கிவிட வேண்டும். பாடல் வரிசைப்பட்டியல் என்பது நாம் தேர்ந்தெடுத்த பாடல்களின் தொடர்: கல்யாண வீட்டுப் பாடல்கள், காலை நடைக்கான பாடல்கள் என்பன போல. கணினியில் இப்படிப் பட்டியல் போட்டால், பெரும்பாலும் அதற்குள் பாடல்கள் இருப்பதில்லை. கோப்புகளின் முகவரிகள் மட்டுமே இருக்கும். ஒருவர் அங் மோ கியோவிலிருந்து பொங்கோலுக்குக் குடிமாறிய பிறகு பழைய அஞ்சல் குறியீட்டுக்கு அனுப்பிய கடிதம் என்ன ஆகுமோ, கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றியபின் பழைய பட்டியலுக்கும் அதுவே ஆகும். தொகுப்பை முழுவதும் சீராக்கிய பிறகே பட்டியல்களைப் போட வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

திரைப்பட ஆல்பம் ஏன் துண்டுதுண்டாகச் சிதறுகிறது

தமிழ்ப் பாடல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் சந்திக்கும் தொல்லை இது. ஆறு பாடல்கள் உள்ள ஒரு படத்தைக் கைத்தொலைபேசியில் ஏற்றினால், அதே படப்பெயரில், அதே அட்டைப்படத்துடன் ஐந்து ஆல்பங்கள் தோன்றுகின்றன. ஒன்றில் இரண்டு பாடல், மற்ற நான்கில் ஒவ்வொன்று. மென்பொருள் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்.

பாடல் மென்பொருள்களில் ஆல்பம் என்ற கருத்து பெரும்பாலும் மேற்கத்திய இசைக்குழுக்களை மனத்தில் வைத்து அமைந்தது. அங்கே ஒரே குழு ஓர் ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் பாடும். ஆகவே, ஆல்பம் பெயரும் கலைஞர் பெயரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆல்பம், கலைஞர் மாறினால் அது வேறு ஆல்பம் என்று பல மென்பொருள்கள் முடிவு செய்கின்றன. நம் திரைப்படங்களில் பாடலுக்குப் பாடல் பாடகர் மாறுவார். தொகுப்பைக் கட்டி நிறுத்துபவர் இசையமைப்பாளர். இந்த வேறுபாட்டைக் கணினிக்குச் சொல்லத்தான் ஆல்பம் கலைஞர் என்ற தனிப் புலம் இருக்கிறது. அது முழு ஆல்பத்துக்கும் பொறுப்பானவர் யார் என்பதைக் குறிக்கும். ஒரு படத்தின் ஆறு பாடல்களிலும் ஆல்பம் கலைஞர் புலத்தில் இசையமைப்பாளரின் பெயரை எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதி, கலைஞர் புலத்தில் அந்தந்தப் பாடகர்களை எழுதிவிட்டால், சிதறிய ஐந்தும் அந்தக் கணமே ஒன்றாகச் சேர்ந்துவிடும். சித்தப்பா தொகுப்பின் பாதிக் குறையை இந்த ஒரு புலமே தீர்த்தது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனிப் புலங்கள் உண்டு. அவற்றையும் நிரப்பினால், ஒரு கவிஞர் எழுதியவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கும் மகிழ்ச்சி கிடைக்கும். பாடல் எழுதியவரின் பெயரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம் என்பதால் இந்தப் புலத்தை நிரப்புவதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு.

எதிர்த் திசையிலும் ஒரு கோளாறு வரும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் அவை ஒன்றாகக் கலந்துவிடலாம். 'பில்லா' 1980-இல் எம்.எஸ். விஸ்வநாதன் இசையிலும் 2007-இல் யுவன் சங்கர் ராஜா இசையிலும் வந்தது. ஆல்பம் கலைஞர் புலம் வெறுமையாக இருந்தால், ஆல்பத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்கும் மென்பொருளில் இரண்டு படப் பாடல்களும் ஒரே பட்டியலில் மாறி மாறி ஒலிக்கும். ஆல்பத்தின் பெயருடன் ஆண்டையும் சேர்த்து எழுதுவது நல்ல பழக்கம்.

கர்நாடக இசைக்கு வேறு கணக்கு. அங்கே இயற்றியவர் புலத்தில் தியாகராஜர் இருப்பார். கலைஞர் புலத்தில் பாடிய வித்வான் இருப்பார். ஆல்பம் என்பது ஒரு கச்சேரி. ராகத்துக்கும் தாளத்துக்கும் ஐடி3 முறையில் ஆயத்தப் புலம் இல்லை. பயனாளர் தாமே புதிய புலம் சேர்க்க அதில் வழி இருக்கிறது என்றாலும் எல்லா மென்பொருளும் அதைக் காட்டாது. தலைப்பிலேயே கீர்த்தனையின் பெயருக்குப் பின் ராகத்தையும் எழுதிவிடுவது எளிது.

ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்

இளையராஜா என்று தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால், 'ளை' ஒலிக்கு இரண்டு உயிரெழுத்தா ஒன்றா, 'ரா' ஒலிக்கு இரண்டு ஏயா ஒரு ஏயா என்று பிரிந்து நான்கு வடிவங்கள் உடனே வந்துவிடும். கணினிக்கு அவர்கள் நான்கு வெவ்வேறு மனிதர்கள். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் இடைவெளி ஆகியவற்றில் காட்டும் சிறு வேறுபாடும் இதே விளைவைத் தரும். எந்த வடிவம் சரி என்று விவாதிப்பதைவிட, ஒன்றைத் தேர்ந்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தொகுப்பு முழுவதும் அதையே பின்பற்றுவது முக்கியம்.

தமிழிலேயே எழுதலாமா? தாராளமாக எழுதலாம், எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அதற்குமுன் எழுத்துக்குறிமுறை என்ன என்பதை அறிய வேண்டும். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் எழுத்துக்குறிமுறை. ஒரு காலத்தில் தமிழுக்குப் பல அட்டவணைகள் இருந்தன. ஒரு எழுத்துருவில் தட்டியது இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 1997-இல் நம் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடும், அதற்காக உழைத்த நா. கோவிந்தசாமியும் எதிர்கொண்ட பெரிய சிக்கல் இத்தகைய தரப்படுத்தல்தான். இன்று உலகமொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் அட்டவணை நிலைபெற்றுவிட்டது. ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டி உருவான பாடல் கோப்புகளின் டேக்குகளில் பழைய குறிமுறைகள் இன்னும் ஒளிந்திருக்கின்றன.

தமிழ்த் தலைப்பு ஒன்று திரையில் எப்படிச் சிதைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் நோயைக் கண்டுபிடிக்கலாம். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் அடைபட்ட ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே இருப்பது நல்ல யூனிகோட் தமிழ். படிக்கும் மென்பொருள்தான் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று தவறாக எண்ணிப் படிக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூனிகோடின் பரவலான வடிவத்தில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். அவற்றுள் முதலாவதையும் இரண்டாவதையும் தனியே படித்தால் வருபவை பெரும்பாலும் இந்த இரண்டு உருவங்களே. இதை இழப்பின்றி மீட்க முடியும். அப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். அதற்குக் குறிமாற்றி வேண்டும், அல்லது கையால் திருப்பி எழுத வேண்டும்.

இந்த மூன்று பைட் கணக்கு பழைய 30 பைட் சீட்டில் என்ன செய்கிறது என்பதை ஒரு பெயரை வைத்துப் பார்ப்போம். "எம்.எஸ்.விஸ்வநாதன்" என்பதில் புள்ளிகளையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 16 தமிழ்க் குறிகளும் இரண்டு முற்றுப்புள்ளிகளும் இருக்கின்றன; மொத்தம் 50 பைட். முப்பதில் வெட்டினால் "எம்.எஸ்.விஸ" வரை 29 பைட் ஆகிவிடும், அடுத்து வரும் மெய்ப்புள்ளியின் மூன்று பைட்டுகளில் ஒன்று மட்டும் உள்ளே நுழைந்து, கறுப்புக் கேள்விக்குறி போன்ற ஓர் உருவமாகக் கடைசியில் தொங்கும். பழைய சீட்டை அழித்துவிடச் சொன்னதன் நியாயம் இப்போது புரியும்.

பழைய கார் ஒலிக்கருவிகள் சில தமிழைச் சதுரக் கட்டங்களாகவே காட்டும். காரில் கேட்பதற்கு மட்டும் ஆங்கில எழுத்தில் டேக் எழுதிய தனி நகலைத் தம்ப் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். மூலத் தொகுப்பைத் தமிழிலேயே வைத்திருங்கள். அகரவரிசை மட்டும் சற்று உறுத்தும்: யூனிகோட் அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால், எண் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருள் நாம் பள்ளியில் படித்த வரிசையில் அடுக்காது. இது தவறு ஏதும் செய்ததால் வருவதன்று.

சுருங்கச் சொன்னால், கணினி பெயர்களைப் புரிந்துகொள்வதில்லை, ஒப்பிடுகிறது. ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ மாறினாலும் அதற்கு வேறு பெயர். ஆல்பம் கலைஞர் புலமும் மாறாத எழுத்துக்கூட்டலும் இருந்தால் தொகுப்பு தானாகவே ஒன்றுசேரும்.

இரட்டைகளைக் களைவது

"ஒரே பாட்டு மூன்று முறை இருக்கிறது" என்னும்போது மூன்று வெவ்வேறு நிலைமைகளை ஒரே சொல்லால் சொல்கிறோம். முதலாவது, ஒரே கோப்பின் அச்சு நகல்கள். இவற்றை ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டுக் கணினியே கண்டுபிடிக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு: ஒரு நகலின் டேக்கில் ஓர் எழுத்தைத் திருத்திவிட்டாலும் இரண்டு கோப்புகளும் பைட் அளவில் வேறாகிவிடும். ஆகவே அச்சு நகல்களை நீக்கும் வேலையை டேக் திருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒலிப்பதிவு வெவ்வேறு அளவில் சுருக்கப்பட்டிருப்பது. பைட் ஒப்பீடு இங்கே உதவாது. காதைப் போல ஒன்று வேண்டும். ஒலிக் கைரேகை என்னும் முறை அதற்கானது. குரோமாபிரின்ட் என்ற திறந்த மூல நிரல் இதைச் செய்யும் விதத்தைக் கர்நாடக இசை அறிந்தவருக்கு எளிதில் விளக்கலாம். பாடலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒலியின் வலிமை எந்தெந்தச் சுரத்தில் விழுகிறது என்று அது அளக்கிறது. கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி என்ற வேறுபாட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பன்னிரண்டு கட்டங்களுக்குள் அடக்குகிறது. நம் பன்னிரண்டு சுரத்தானங்களைப் போலவே. நேரம் செல்லச்செல்ல அந்தக் கட்டங்கள் ஏறி இறங்குவதைச் சிறிய எண்தொடராக மாற்றினால் அதுவே கைரேகை. சுருக்கத்தின் அளவு மாறினாலும் இந்தக் கோலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தின் பிக்கார்ட் மென்பொருள், பெயரில்லாத பாடலை இந்தக் கைரேகையைக் கொண்டே அடையாளம் காண முயல்கிறது. தமிழ்ப் பாடல்கள் அங்கே முழுமையாக இல்லை. வேகம் சற்று மாறி ஓடிய கேசட்டிலிருந்து எடுத்த பாடலுக்கும் கைரேகை பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவது, ஒரே பாட்டின் வெவ்வேறு ஒலிப்பதிவுகள்: படத்தில் வந்தது, மேடையில் பாடியது, சோகமாக மெதுவாகப் பாடியது. இவை இரட்டைகளே அல்ல. தலைப்பை மட்டும் பார்த்து அழிப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். தலைப்புக்குப் பின்னால் "மேடைப் பதிவு", "சோகம்" என்று குறித்து வைப்பது அவற்றைக் காப்பாற்றும்.

எந்த நகலை வைத்துக்கொள்வது என்றால், பொதுவாக விநாடிக்கு அதிக விவரம் உள்ளதை. ஆனால் விநாடிக்கு 128 கிலோபிட் உள்ள கோப்பை 320-ஆக மாற்றித் தரம் உயர்ந்துவிட்டதாக நம்புவது வீண். தண்ணீர் கலந்த தேங்காய்ப்பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் அது கெட்டியாவதில்லை.

எந்த வரிசையில் செய்வது

முதல் வேலை நகல் எடுப்பது. இதை வலியுறுத்த எனக்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், தானாகவே டேக் திருத்தும் ஒரு மென்பொருளிடம் என் தொகுப்பு முழுவதையும் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது, முந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பாடல்களுக்கு வேற்றுமொழி ஆல்பங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பாடல்களின் நீளங்கள் தற்செயலாக ஒத்துப்போனதே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நகல் இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் திருத்த நான்கு மாதங்கள் ஆயின. 128 கிலோபிட் பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட். ஐந்து நிமிடப் பாடல்கள் நாலாயிரம் இருந்தாலும் 20 ஜிகாபைட் அளவுதான். சாதாரணத் தம்ப் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும்.

நகல் எடுத்தபின், சிதறிக் கிடப்பவற்றை ஒரே கோப்புறைக்குள் கொண்டுவந்து, அச்சு நகல்களை நீக்கி, அதன்பின் டேக்குகளைத் திருத்தலாம். எம்பி3டேக் போன்ற மென்பொருளில் ஒரு படத்தின் எல்லாப் பாடல்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பொதுவான ஆல்பம், ஆல்பம் கலைஞர், ஆண்டு ஆகியவற்றை ஒரே முறையில் எழுத முடியும். ஒருநாளைக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொண்டால் மனம் சலிக்காது. தானியங்கித் திருத்தத்தைப் பயன்படுத்தினால் ஓர் ஆல்பத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துச் சேமியுங்கள். டேக்குகள் சரியானபின் கோப்பின் பெயரைக் கையால் மாற்றவே தேவையில்லை. பாடல் எண், தலைப்பு என்ற அமைப்பைச் சொன்னால் மென்பொருளே சீட்டைப் பார்த்து டின்னின் மேல் எழுதிவிடும். பாடல் எண்களை 01, 02 என்று இரண்டு இலக்கமாகவே வையுங்கள். இல்லாவிட்டால் சில கருவிகள் 1-க்குப் பிறகு 10-ஐயும் 11-ஐயும் வாசித்துவிட்டுத்தான் 2-க்கு வரும்.

எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை

சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்கில் கடைசியாக ஒரு கோப்பு இருந்தது. பெயர் "பதிவு 003". நீளம் நாற்பத்தொரு நிமிடம். கேசட் ஒன்றின் ஒரு பக்கத்தை அப்படியே கணினிக்கு மாற்றியிருக்கிறார். முதல் இருபது நிமிடம் வானொலிப் பாடல்கள். பிறகு பாட்டி, தம்பியைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு. இடையில் அழைப்புமணி ஒலி. யாரோ "கதவைத் திற" என்று சொல்வது. ஒலிக் கைரேகை இதை அடையாளம் காணாது. ஆடாசிட்டி மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக்கினோம். முழுநீள மூலத்தையும் அழிக்காமல் வைத்தோம். சீட்டை எழுதும் நேரம் வந்தபோது சித்தப்பாவும் சித்தியும் ஆண்டைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். தம்பி பிறந்தது 1993 டிசம்பர். பாட்டி தஞ்சாவூருக்குத் திரும்பியது அடுத்த ஆண்டு பொங்கலுக்குப் பின். ஆகவே ஆண்டு 1994. தலைப்பு: தாலாட்டு. கலைஞர்: பாட்டி. ஆல்பம்: வீட்டுப் பதிவுகள். குறிப்புப் புலத்தில், "ஈசூன் பழைய வீடு, நடுஅறை, கதவைத் திறக்கச் சொல்வது பெரியப்பா" என்று சித்தி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.